ஸ்மார்ட்மீடியா முதல் ஃபிளாப்பி வரை: பழைய டிஜிட்டல் கேமராச் சேமிப்பிலிருந்து படங்களை மீட்பது எப்படி?

1990-களின் பிற்பகுதியிலும் 2000-களின் முதற்பாதியிலும் டிஜிட்டல் கேமரா வாங்கியவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, கேமராவுடன் ஒரு சேமிப்பு முறையையும் சேர்த்தே வாங்கினார்கள். ஒலிம்பஸும் ஃபியூஜிஃபில்மும் முதலில் ஸ்மார்ட்மீடியாவையும் பின்னர் எக்ஸ்டி பிக்சர் கார்டையும் கைக்கொண்டன. சோனி ஃபிளாப்பியில் தொடங்கி மெமரி ஸ்டிக்குக்குச் சென்றது. கேனானும் நிக்கானும் நெடுங்காலம் காம்பாக்ட் ஃபிளாஷை விடவில்லை. அந்தக் கார்டுகளும் தட்டுகளும் இன்றும் பல வீடுகளில் இழுப்பறைகளின் அடியில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் கையில் கிடைத்திருந்தால், அதிலுள்ள படங்களைச் சேதமின்றி வெளியே எடுப்பதற்கான வழிமுறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு விதி. கார்டிலிருந்து முழுமையான ஒரு நகலை எடுத்து முடிக்கும் வரை, அதன்மீது எதையும் எழுத எந்தக் கருவியையும் அனுமதிக்கக் கூடாது. இருபது ஆண்டுகள் உறங்கிய கார்டு பழமையால் கெடுவதைவிட, அதைக் கணினியில் செருகிய முதல் சில நிமிடங்களில் கெடுவதே அதிகம் என்பது என் கணிப்பு. கார்டைப் புரிந்துகொள்ள முடியாதபோது விண்டோஸ் அதை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். பழக்க தோஷத்தில் ‘சரி’ என்று அழுத்திவிடுகிறோம். புரிந்துகொண்டாலும் சிக்கல்தான்: விண்டோஸும் மேக்கும் கேட்காமலேயே சில மறைவான கோப்புகளையும் கோப்புறைகளையும் கார்டில் எழுதிவைக்கும். அழிக்கப்பட்ட படம் ஒன்று அந்த இடத்தில் இருந்தால் அது அத்துடன் போயிற்று.

எனவே எழுதுவதைத் தடுக்கும் வசதி இருந்தால் அதை முதலில் பயன்படுத்துங்கள். 3.5 அங்குல ஃபிளாப்பியின் மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தி, துளை திறந்து வெளிச்சம் தெரியும்படி வைத்தால் எழுத முடியாது. பழைய மெமரி ஸ்டிக்கிலும் எஸ்டி கார்டிலும் பூட்டு விசை உண்டு. ஸ்மார்ட்மீடியாவில் விசை கிடையாது. அதற்கென்று குறிக்கப்பட்ட வட்டத்தின் மேல், கார்டுடன் தரப்பட்ட மின்கடத்தும் வெள்ளி நிற ஸ்டிக்கரை ஒட்டினால் அது எழுதத் தடை. காம்பாக்ட் ஃபிளாஷுக்கும் எக்ஸ்டிக்கும் இப்படி எதுவும் இல்லை என்பதால், அவற்றைக் கையாளும்போது கூடுதல் கவனம் தேவை.

கையில் இருப்பது எது?

தபால்தலையைவிடச் சற்றுப் பெரிதாக, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியதாக, வளைந்து கொடுக்கும் அட்டை போல இருந்து, ஒரு பக்கத்தில் பெரிய தங்க நிறத் தகடுகள் வெளியே தெரிந்தால் அது ஸ்மார்ட்மீடியா. அதன் அளவு 45 × 37 மி.மீ., தடிமன் 0.76 மி.மீ. அதைவிட மிகச் சிறியதாக 25 × 20 மி.மீ. அளவில் இருப்பது எக்ஸ்டி. தீப்பெட்டியைத் தட்டையாக்கியது போன்று, 43 × 36 மி.மீ. அளவில், ஓர் ஓரத்தில் 50 துளைகளுடன் இருப்பது காம்பாக்ட் ஃபிளாஷ். சூயிங்கம் துண்டு போல நீளமாக, 50 × 21.5 மி.மீ. அளவில் இருப்பது முதல் தலைமுறை மெமரி ஸ்டிக். கிரெடிட் கார்டின் அகல நீளத்தில், ஆனால் கனமாக, 68 துளைகளுடன் இருப்பது பிசி கார்டு. இது கோடாக்கின் டிசிஎஸ் வரிசை போன்ற தொழில்முறைக் கேமராக்களில் இருந்தது.

2 அங்குல அளவில் ஒரு குட்டி ஃபிளாப்பி கிடைத்தால் அது வேறு கதை. 1981-இல் சோனி காட்சிப்படுத்திய முதல் மாவிகாவும், 1988-இல் வந்த கேனான் அயானும் அந்த வகையில் படம் எடுத்தன. ஆனால் அவை டிஜிட்டல் கேமராக்களே அல்ல. தொலைக்காட்சி சமிக்ஞையின் ஒரு நிலைத்த சட்டகத்தை அனலாக் முறையில் காந்தத் தட்டில் பதித்தவை. அதைப் படிக்கும் கணினிக் கருவி எதுவும் இல்லை. இயங்கும் நிலையிலுள்ள அதே வகைக் கேமராவின் வீடியோ வெளியீட்டை வீடியோவைக் கணினியில் பதிவுசெய்யும் ஒரு கேப்சர் கருவியுடன் இணைத்துப் படம் படமாகப் பிடிப்பதே வழி.

ஸ்மார்ட்மீடியா

தோஷிபா 1995-இல் வெளியிட்ட இந்தக் கார்டைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதற்குள் இருப்பது என்ன என்று புரியாமல் இதை மீட்கப் புறப்படுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். இன்றைய எஸ்டி கார்டுக்குள் நினைவகச் சில்லுடன் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லும் உண்டு. எந்தத் தரவு எங்கே இருக்கிறது, எந்தப் பகுதி தேய்ந்துவிட்டது, எந்தப் பிட் தவறியது என்பதையெல்லாம் அதுவே கவனித்துக்கொள்கிறது. ஸ்மார்ட்மீடியாவில் அது கிடையாது. மின்சாரம் இல்லாதபோதும் தரவைத் தக்கவைக்கும் வெறும் நாண்ட் ஃபிளாஷ் நினைவகச் சில்லைப் பிளாஸ்டிக்கில் பதித்து, அதன் கால்களை 22 தகடுகளாக வெளியே விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நிர்வாகப் பொறுப்பு முழுவதும் கேமராவின் மீதோ கார்டு ரீடரின் மீதோ விழுகிறது.

அந்த நிர்வாகக் கணக்கு கார்டுக்குள்ளேயே, தரவின் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். 4 எம்பியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகளில் ஒவ்வொரு 512 பைட் தரவுக்கும் அருகில் 16 பைட் உதிரி இடம் இருக்கிறது. அந்தத் தொகுதியின் வரிசை எண், கெட்டுப்போனதா என்ற குறிப்பு, ஒவ்வொரு 256 பைட்டிலும் ஒரு பிட் தவறினால் திருத்துவதற்கான குறியீடு ஆகிய மூன்றும் அந்த 16 பைட்டுக்குள் அடக்கம். இது தவிர, கார்டின் தொடக்கத்தில் அது ஸ்மார்ட்மீடியாதான் என்று அறிவிக்கும் ஓர் அடையாளப் பகுதியும் உண்டு. பொருத்தமில்லாத ரீடரில் வைத்துக் கணினி வழியாக ஃபார்மேட் செய்தால் இந்த அடையாளமும் வரிசைக் கணக்கும் சிதைந்து, அதன்பின் கேமரா அந்தக் கார்டை ஏற்கவே மறுத்துவிடும். ‘கார்டு பிழை’ என்ற செய்தியுடன் தூக்கி எறியப்பட்ட ஸ்மார்ட்மீடியாக்களில் கணிசமானவை இப்படிப் பலியானவையே தவிர, சில்லு செத்துப்போனவை அல்ல.

செருகுவதற்கு முன் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஸ்மார்ட்மீடியா 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இரண்டு வகையாக வந்தது. இரண்டுக்கும் உருவம் ஒன்றே. வெட்டுப்பட்ட மூலை மட்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். 3.3 வோல்ட் கார்டில் பெரும்பாலும் 3வி அல்லது 3.3வி என்று அச்சிட்டிருப்பார்கள். 5 வோல்ட் மட்டுமே தரும் மலிவான பழைய ரீடரில் 3.3 வோல்ட் கார்டைச் செருகினால், ரீடர் தடுக்காத பட்சத்தில் கார்டு நிரந்தரமாகக் கெட்டுவிடும். பிறகு தகடுகளைப் பாருங்கள். அவை திறந்தே கிடப்பதால் விரல் எண்ணெய் படிந்து மங்கியிருக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, அழுத்தாமல், ஒரே திசையில் துடைத்து, காயவிட்டுச் செருகுங்கள். அழிப்பானால் தேய்க்கும் பழக்கம் நம் ஊர்க் கடைகளில் உண்டு. இவ்வளவு மெல்லிய முலாமுக்கு அது வேண்டாம்.

ரீடரைப் பொறுத்தவரை, இன்று கடையில் கிடைக்கும் ‘எல்லாம் ஒன்றில்’ ரீடர்களில் ஸ்மார்ட்மீடியா துளை இருப்பதில்லை. 2000-களில் விற்ற யுஎஸ்பி ரீடர்களைத்தான் தேட வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளிலும் இணையத்தின் பழைய பொருள் விற்பனைத் தளங்களிலும் துளையின் அருகே எஸ்எம் என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒலிம்பஸ் எம்ஏயுஎஸ்பி-10, ஃபியூஜிஃபில்ம் டிபிசி-ஆர்1 ஆகிய ரீடர்களுக்கு விண்டோஸில் தனி இயக்கி (டிரைவர் மென்பொருள்) தேவைப்பட்டது. லினக்ஸில் அலாடா என்ற பெயரிலுள்ள இயக்கி அவற்றைப் புரிந்துகொள்கிறது. ஃபிளாப்பி வடிவில் இருந்து, உள்ளே ஸ்மார்ட்மீடியாவை வைத்து ஃபிளாப்பி டிரைவில் செருகும் ஃபிளாஷ்பாத் என்ற விசித்திரமான அடாப்டரும் ஒரு காலத்தில் விற்றது. அதன் மென்பொருள் பழைய விண்டோஸ்களோடு நின்றுவிட்டது. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எந்த ரீடரும் படிக்கவில்லை என்றாலும் கார்டைக் கைவிட வேண்டாம். மேலே சொன்ன அதே எளிமை இங்கே சாதகமாகிறது: நடுவில் கட்டுப்பாட்டுச் சில்லு இல்லாததால், நாண்ட் சில்லுகளை நேரடியாகப் படிக்கும் கருவி வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனம், உதிரி இடத்துடன் சேர்த்து முழுக் கார்டையும் படித்து, வரிசை எண்களை வைத்துப் படங்களை மறுபடியும் கோக்க முடியும். செலவு உங்கள் படங்களின் மதிப்புக்கு ஏற்றதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

2002-இல் வந்த எக்ஸ்டியும் உள்ளமைப்பில் ஸ்மார்ட்மீடியாவின் தம்பியே; கட்டுப்பாட்டுச் சில்லு அதிலும் இல்லை. எம், எச் என்று பின்னர் வந்த வகைகளைப் பல பழைய கேமராக்களும் ரீடர்களும் ஏற்பதில்லை என்பதால், கார்டின் மீது அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பின் வெளிவந்த ரீடரைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்டி ரீடர் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை.

ஃபிளாப்பியும் குட்டி சிடியும்

சோனி 1997-இல் வெளியிட்ட எஃப்டி5, எஃப்டி7 மாவிகாக்கள் சாதாரண 3.5 அங்குல ஃபிளாப்பியிலேயே 640 × 480 அளவு ஜேபெக் படங்களை எழுதின. தனிக் கம்பியோ மென்பொருளோ தேவைப்படாததே அவற்றின் வெற்றிக்குக் காரணம். இன்று மீட்பதற்கும் அதுவே உதவுகிறது. யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று இருந்தால் போதும்.

ஆனால் தட்டை உடனே டிரைவில் தள்ளிவிடாதீர்கள். உலோக மூடியை விரலால் நகர்த்திப் பிடித்து, பின்புறமுள்ள உலோக நடுவட்டத்தை மெதுவாகச் சுழற்றியபடி, விளக்கொளியைச் சாய்வாக விழச்செய்து பழுப்பு நிறப் பரப்பைப் பாருங்கள். வெண்மையான புள்ளிகளோ, நூல் போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் வைத்திருந்த தட்டுகளில் இதை எதிர்பார்த்தே ஆக வேண்டும். பூஞ்சை பிடித்த தட்டு தானும் கெட்டு, டிரைவின் தலையிலும் அழுக்கை ஒட்டவைத்து, அடுத்துச் செருகும் நல்ல தட்டையும் கீறிவிடும். அத்தகைய தட்டுகளைத் தனியே ஒதுக்கிவையுங்கள். நல்லவற்றை எல்லாம் படித்து முடித்த பிறகு, மூடி விலகிய இடத்தின் வழியாக ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் சிறிது சிறிதாகச் சுழற்றித் துடைத்து, முழுதும் காய்ந்தபின், கடைசியில் முயலுங்கள். பரப்பில் வட்டமான கீறல் விழுந்து, ஒளி ஊடுருவும் அளவுக்குப் பூச்சு போயிருந்தால் அந்த வட்டத்தில் இருந்த தரவு திரும்பி வராது.

கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து நகலெடுப்பதைவிட, தட்டை முழுமையாக ஓர் இமேஜ் கோப்பாக, அதாவது தட்டிலுள்ள எல்லாவற்றின் அப்படியேயான நகலைக் கொண்ட ஒரே கோப்பாக எடுப்பதே சிறந்தது. 1.44 எம்பி தட்டில் 512 பைட் கொண்ட 2,880 பிரிவுகள் உள்ளன. ஆகவே முழு இமேஜின் அளவு 14,74,560 பைட்டாக இருக்க வேண்டும். லினக்ஸிலுள்ள டிடிரெஸ்க்யூ என்னும் நிரல், படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாதவற்றின் பட்டியலை ஒரு குறிப்புக் கோப்பில் வைத்துக்கொள்ளும். இங்கேதான் அதன் அருமை: ஒரு டிரைவில் படிக்காத பிரிவை, அதே குறிப்புக் கோப்பைக் கொண்டு வேறொரு டிரைவில் மட்டும் முயன்று நிரப்பலாம். டிரைவுக்கு டிரைவு தலையின் நேர்க்கோட்டில் சிறிய வேறுபாடு இருப்பதால், ஒன்றில் கிடைக்காதது மற்றொன்றில் கிடைப்பது உண்டு. தட்டை எழுதிய அதே மாவிகா உயிருடன் இருந்தால் அதில் ஒருமுறை திரையில் பார்த்துவிடுங்கள். பல மாவிகாக்களுக்குரிய என்பி-எஃப் வகை பேட்டரி வீடியோ விளக்குகளுக்காக இன்றும் விற்கப்படுகிறது. எனினும், சோனியின் இன்ஃபோலித்தியம் அடையாளம் இல்லாத பேட்டரியைச் சில மாடல்கள் மறுத்துவிடும்.

தட்டைத் திறந்தால் ஒவ்வொரு படத்துக்கும் இணையாக 411 என்ற நீட்சியுடன் ஒரு குட்டிக் கோப்பும் இருப்பதைக் காண்பீர்கள். அது கேமராவின் பட்டியல் திரைக்கான 64 × 48 அளவு முன்னோட்டப் படம். சரியாக 4,608 பைட். இதைத் தேவையற்றது என்று அழிப்பவர்கள் உண்டு. நான் வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனெனில் ஜேபெக் கோப்பு பாதியில் சிதைந்திருந்தால், அந்தப் படத்தில் யார் இருந்தார் என்பதற்கு எஞ்சும் ஒரே சாட்சி சில சமயம் அதுதான்.

2000-இல் வந்த சிடி1000 மாவிகா, 8 செ.மீ. விட்டமுள்ள, 156 எம்பி கொள்ளும் சிடி-ஆர் தட்டில் எழுதியது. பிற டிரைவுகளும் படிக்கும்படி அதில் ‘ஃபைனலைஸ்’ செய்து முடிக்கப்படாத தட்டைச் சாதாரண சிடி டிரைவ் காலியானது என்றே காட்டக்கூடும்; தட்டு காலி என்று நம்பிக் குப்பையில் போட்டுவிட வேண்டாம், கேமராவிலோ அதன் யுஎஸ்பி இணைப்பிலோ பார்க்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: தட்டை வாயில் வைத்தால் உள்ளிழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் 8 செ.மீ. தட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். நடுவில் சிறு பள்ளம் கொண்ட, வெளியே நீளும் ட்ரே உள்ள டிரைவே இதற்கு ஏற்றது.

மற்றவை

காம்பாக்ட் ஃபிளாஷ் கவலை தராத வகை. 1994-இல் சான்டிஸ்க் அறிமுகப்படுத்திய இதற்குள் கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு; கணினிக்கு இது ஒரு சிறு ஹார்டு டிஸ்க்காகவே தெரியும். ரீடர்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. செருகும் முன் ரீடரின் 50 ஊசிகளில் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதே வடிவில் 5 மி.மீ. தடிமனாக இருந்து, மைக்ரோடிரைவ் என்று எழுதியிருந்தால், உள்ளே உண்மையிலேயே சுழலும் 1 அங்குல வட்டு இருக்கிறது. ஐபிஎம் 1999-இல் 170, 340 எம்பி அளவுகளில் இதை வெளியிட்டது. இதைக் கீழே போடாமலும், ஓடும்போது அசைக்காமலும், முதல் இயக்கத்திலேயே முழு இமேஜை எடுத்துவிடுங்கள். இரண்டாம் இயக்கம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மெமரி ஸ்டிக்கில் ஒரு பொறி மட்டும் உண்டு. முதல் தலைமுறை 128 எம்பியைத் தாண்ட முடியாததால், ‘செலக்ட்’ என்ற பெயரில் இரண்டு 128 எம்பிப் பகுதிகளை ஒரே கார்டில் வைத்து, பின்புறம் ஒரு சிறு விசையால் மாற்றிக்கொள்ளும்படி செய்தார்கள். கணினி ஒரு நேரத்தில் ஒரு பாதியை மட்டுமே காட்டும். விசையைக் கவனிக்காதவர்கள் பாதிப் படங்களை எடுத்துக்கொண்டு முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

பிசி கார்டுக்கு, அந்தத் துளையுள்ள ஒரு பழைய மடிக்கணினியைக் கடன் வாங்குவதே மலிவான வழி.

கார்டே இல்லாத கேமராக்களும் இருந்தன. 1994-இல் வந்த ஆப்பிள் குயிக்டேக் 100, உள் நினைவகத்தில் 640 × 480 அளவில் 8 படங்களை மட்டுமே வைத்திருக்கும். 1995-இன் கேசியோ கியூவி-10 உள்ளே 96 சிறு படங்கள் கொள்ளும். இவை சீரியல் கம்பி வழியாகப் பேசியவை. அந்தக் கம்பி கிடைத்துவிட்டால், பழைய கேமராக்கள் பலவற்றின் மொழி தெரிந்த ஜிஃபோட்டோ2 என்ற லினக்ஸ் நிரலை முயன்று பார்க்கலாம். கம்பியே இல்லை, ஆனால் வீடியோ வெளியீட்டுத் துளை இருக்கிறது என்றால், தொலைக்காட்சியில் தெரிவதைக் கேப்சர் கருவியால் பிடிப்பதே எஞ்சிய வழி.

கேமரா வழியாகப் படிப்பதாக இருந்தால் பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்தக் காலத்து ஏஏ கேமராக்கள் சாதாரண அல்கலைன் செல்களைச் சில நிமிடங்களில் உறிஞ்சிவிடும். முழுதும் சார்ஜ் ஏறிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களையோ, அந்த மாடலுக்குரிய அடாப்டரையோ பயன்படுத்துங்கள்.

நகலுக்குப் பின்

இமேஜ் கோப்பு கையில் வந்ததும் கார்டைப் பத்திரமாக ஒதுக்கிவிட்டு, இனி எல்லா வேலையையும் இமேஜின் நகல் மீதே செய்யுங்கள். கோப்புறைகள் திறக்கவில்லை என்றாலோ, அழித்த படங்கள் வேண்டும் என்றாலோ ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலை அந்த நகலின் மீது ஓட்டுங்கள். அது கோப்புப் பட்டியலைப் பொருட்படுத்தாமல், ஜேபெக் எங்கே தொடங்குகிறது என்ற அடையாளத்தைத் தேடிப் படங்களைப் பிரித்தெடுக்கும். கோப்பின் பெயரும் தேதியும் அவ்வழியில் தங்குவதில்லை என்பதால், சாதாரணமாகத் திறக்கும் படங்களை முதலில் சாதாரணமாகவே எடுத்துவிடுங்கள்.

தேதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எடுத்த நாளைப் படத்துக்குள்ளேயே பதியும் எக்சிஃப் முறை அக்காலக் கேமராக்கள் எல்லாவற்றிலும் இல்லை. தொடக்க கால ஃபிளாப்பி மாவிகாவின் படத்துக்குக் கோப்பின் தேதி ஒன்றே ஆதாரம். அதை வாட்ஸப்பில் அனுப்பினாலோ, திறந்து திருப்பிச் சேமித்தாலோ அந்த ஆதாரம் அழிந்துவிடும். முதலில் தேதியுடன் நகலெடுத்து, அதன்பின் கோப்பின் பெயரிலேயே ஆண்டையும் மாதத்தையும் சேர்த்துவிடுங்கள். எல்லாப் படங்களும் ஜனவரி 1 என்று காட்டினால், கேமராவின் கடிகார பேட்டரி தீர்ந்திருந்தது என்று பொருள். அந்தத் தேதியை நம்ப வேண்டாம்.

ஜேபெக்காக இருந்தால் எந்தக் கணினியும் திறக்கும். கோடாக்கின் கேடிசி, கேனானின் சிஆர்டபிள்யூ, குயிக்டேக் 100, 150 ஆகியவற்றின் சொந்த வடிவங்கள் போன்றவற்றுக்கு டேவ் காஃபின் எழுதிய டிசிரா என்ற நிரலோ, அதன் வழிவந்த லிப்ரா நூலகத்தைக் கொண்டு இயங்கும் நிரல்களோ உதவும். மாற்றிய படத்துடன் மூலக் கோப்பையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேமராவில் மறுபடியும் படம் எடுக்கும் எண்ணம் உண்டென்றால் இரண்டு வரம்புகளை நினைவில் கொள்ளுங்கள். முதல் தலைமுறை எஸ்டி கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎச்சி கார்டை ஏற்பதில்லை. அக்காலக் காம்பாக்ட் ஃபிளாஷ் கேமராக்கள் பலவும் கார்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் பழைய ஃபேட்16 முறையை மட்டுமே அறிந்தவை என்பதால் அங்கேயும் 2 ஜிபியே எல்லை. ஸ்மார்ட்மீடியாவில் பெரிய அளவே 128 எம்பிதான். அதைக்கூடப் பழைய கேமராக்கள் சில ஏற்காமல் 8 அல்லது 16 எம்பியோடு நின்றுவிடும். எந்தக் கார்டாக இருந்தாலும், இமேஜ் கோப்பை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்து, இரண்டும் ஒன்றுபோல் இருப்பதைச் சரிபார்த்த பிறகே, கணினியில் அல்லாமல் அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.